ஈப்போ சாலை மாடிக்கடையில் வாடகைக்கு எடுத்த பனி உடைகள்

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஜப்பானிலிருந்து திரும்பினோம். நான், என் தம்பி, 14 வயது மகள். ஹொக்கைடோ தீவின் நிசெக்கோவில் ஆறு நாள். இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டு மூவருக்கும் அதுதான் முதல் முறை. வந்த நாள்முதல் சொந்தக்காரர்களும் உடன் வேலை செய்பவர்களும் கேட்பது ஒன்றுதான்: உடைகளை எங்கே எடுத்தீர்கள்? கோலாலம்பூரில், ஈப்போ சாலையில், ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் எடுத்தோம். கடையின் பெயரை எழுதவில்லை. ஒரு குறை நேர்ந்தது. அதை உரிமையாளரிடம் நேரிலேயே சொல்லி முடித்துவிட்டேன். ஆனாலும் அந்தக் கடையில் கிடைத்த பாடம் இன்னும் பலருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மனம் சொல்கிறது.

அதற்கு முன் இரண்டு பேரங்காடிகளில் ஏறி இறங்கினோம். எங்கே போனாலும் முதல் கேள்வி, "எத்தனை டிகிரி குளிர்?" மைனஸ் பத்து வரை போகலாம் என்றதும் தடித்த இறகு ஜாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். சியோல் தெருவில் நடந்து படம் எடுத்துக்கொள்ள அது தாராளமாகப் போதும். பலகையில் ஏறப் போகிறவருக்குப் போதாது. முதல் இரண்டு நாளில் நாம் பலகைமேல் நிற்கிற நேரத்தைவிடப் பனிமேல் உட்கார்ந்திருக்கிற நேரம்தான் அதிகம். காலைப் பலகையோடு பூட்டுவதற்கே உட்கார வேண்டும். விழுந்தால் உட்கார வேண்டும், மூச்சு வாங்க உட்கார வேண்டும். உடல் சூட்டில் பனி உருகி, பின்புறமும் முழங்காலும் நனையும். இறகு நனைந்தால் கட்டியாகிவிடும். அதன்பின் சூட்டைப் பிடித்து வைக்காது.

ஈப்போ சாலைக் கடையில் கேள்வியே வேறாக இருந்தது. படி ஏறியதும் பாச்சை உருண்டை வாசம். மூலையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. கடைக்கார அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். இளவயதில் நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன் பக்கம் இரண்டு குளிர்காலம் வேலை பார்த்தவர். "இரண்டு பலகையா, ஒரே பலகையா அம்மா?" என்றார். இரண்டு பலகை என்றால் ஸ்கீ, ஒன்று என்றால் ஸ்னோபோர்டு. ஒரே பலகை என்றேன். "அப்படியென்றால் முதலில் கால்சட்டை. ஜாக்கெட்டைப் பிறகு பார்க்கலாம்" என்று உள்ளே போனார்.

திரும்பி வந்தவர் தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அதன்மேல் சொட்டச் சொட்ட நனைத்த துண்டு ஒன்றை விரித்தார். மகளுக்கு எடுத்த கால்சட்டையின் உள்பக்கம், உட்காரும் இடத்தில், ஒரு மெல்லிய காகிதக் கைத்துடைப்பை நாடாவால் ஒட்டினார். அவளைப் போட்டுக்கொண்டு அந்தத் துண்டின்மேல் உட்காரச் சொன்னார். பத்து நிமிடம். அதற்குள் எங்கள் மூவரின் உயரம், எடை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு காகிதத்தை உரித்து என் கையில் கொடுத்தார். மொறமொறவென்று உலர்ந்திருந்தது. தம்பிக்கு எடுத்த முதல் கால்சட்டையில் ஒட்டியிருந்த காகிதம் நடுத்தையல் ஓரமாகக் கறுத்து ஈரமாகிவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் கால்சட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வேறொன்று கொண்டுவந்தார். வாடகைக் கடைக்காரர் ஒருவர் தன் சரக்கையே வாடிக்கையாளர் கண்முன் தேர்வுக்கு உட்படுத்தியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

உடையின் உள்பட்டியில் 10,000 மில்லிமீட்டர், 20,000 மில்லிமீட்டர் என்று எண்கள் இருக்கும். துணியின்மேல் அத்தனை உயரத்துக்கு நீரை நிறுத்தினால்தான் கசியத் தொடங்கும் என்று பொருள். உட்காரும்போது நம் எடை முழுவதும் ஒரே இடத்தில் அழுந்துவதால் கற்றுக்கொள்கிறவருக்கு 10,000க்குக் குறைவானது வேண்டாம் என்றார் அண்ணன். தையல்களின்மேல் உள்பக்கம் நாடா ஒட்டியிருக்க வேண்டும். எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நாடா இல்லாத தையலில் நீர் புகுந்துவிடும். தம்பியின் முதல் கால்சட்டை தோற்றது அந்த இடத்தில்தான்.

வாங்குவதா வாடகையா என்று நெடுநாள் யோசித்தேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஆறு வருடம் முன்பு குடும்பத்தோடு போக வாங்கிய பனிக் காலணிகளைப் பெட்டியோடு பத்திரமாக வைத்திருந்தார். சென்ற ஆண்டு மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டு விமான நிலையம் போனவருக்கு, அங்கேயே அடிப்பாகம் கேக் போலப் பொடிந்து உதிர்ந்தது. அடியில் வைக்கும் பாலியூரித்தேன் நம் ஊர் ஈரக்காற்றில் மெல்லச் சிதைந்துபோகும். ஒருநாள் கூடப் போடாமல் அலமாரியில் கிடந்தாலும் சிதையும். மழைத் துணிகளின் உள்பூச்சும் அப்படித்தான் தோல் உரிவதுபோல் உரியும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போகிற குடும்பம் கோலாலம்பூரில் இருந்துகொண்டு இவற்றை வாங்கிச் சேர்ப்பது வீண். அந்த ஈரம் உறிஞ்சும் இயந்திரத்துக்கு இரவும் பகலும் மின்கட்டணம் கட்டுகிற ஒருவரிடம் வாடகைக்கு எடுப்பதே நல்லது. பத்து நாளுக்கு ஜாக்கெட் 90 ரிங்கிட், கால்சட்டை 80 ரிங்கிட், ஆளுக்கு முன்பணம் 200 ரிங்கிட். எங்களுக்கு அது நியாயமான விலை.

இனி அந்தக் குறை. கையுறைகளையும் அங்கேயே ஆளுக்கு 25 ரிங்கிட்டுக்கு எடுத்தோம். கால்சட்டைக்குச் செய்த சோதனையைக் கையுறைக்கு அவர் செய்யவில்லை. மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குத் தம்பி வலது கையுறையைக் கழற்றிப் பிழிந்தான், நீர் சொட்டியது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உள்ள தையல் விட்டிருந்தது. விரல்நுனிகள் வெளுத்து உணர்ச்சியற்றுப் போயிருந்தன. அவனை உள்ளே அழைத்துப் போய், என் அக்குளில் அவன் கைகளை வைத்துச் சூடேற்றினேன். அரை மணி நேரம் கழித்துச் சுருக்கென்று குத்தும் வலியோடு இரத்தம் திரும்பியபோதுதான் எனக்கு உயிர் வந்தது. அன்றைய பயிற்சி அத்தோடு நின்றது. மலையடிவாரத்தில் புதுக் கையுறை வாங்க ஆன செலவு மூவரின் கையுறை வாடகையையும் தாண்டியது. பலகையைப் பூட்டும்போதும், விழுந்து எழும்போதும், பனியில் அளைவது கைதான். அதனால் என் முடிவு: ஜாக்கெட்டும் கால்சட்டையும் வாடகைக்கு, கையுறை சொந்தமாக.

மணிக்கட்டைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் தொழில். குளியலறையில் வழுக்கியவர், மோட்டார் சைக்கிளில் சாய்ந்தவர், பூப்பந்து ஆடுகையில் தடுக்கியவர் என்று வருகிறவர்களில் பலர் கையை ஊன்றி விழுந்தவர்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆரை எலும்பு முறிந்து, பக்கவாட்டுப் படத்தில் முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல் வளைந்து தெரியும். ஸ்னோபோர்டில் புதியவர்களுக்கு அதிகம் அடிபடுவது இந்த மணிக்கட்டில்தான். இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டியிருப்பதால் ஓர் அடி எடுத்து வைத்துச் சமாளிக்க வழியில்லை. கை தானாக நீளும். மணிக்கட்டுக் காப்பு என்னும் பாதுகாப்பு உறை அணிந்தால் இந்த அபாயம் குறைகிறது. அண்ணன் கடையில் அது இல்லை. பனி உடைக் கடையில் கட்டாயம் இருக்க வேண்டிய பொருள் என்று அவரிடம் சொன்னேன். சக்கரக் காலணி ஓட்டுகிறவர்களுக்கான காப்பை ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் வாங்கி, ஒரு அளவு பெரிய கையுறைக்குள் போட்டுக்கொண்டோம். பருமனாக இருந்தது, ஆனால் மூவரும் எலும்பு முறியாமல் திரும்பினோம். முழங்காலுக்குக் கைப்பந்து ஆட்டக்காரர்களின் மெத்தை உறை போதும் என்று அண்ணன் சொன்னது மிகச் சரி.

பலகை, காலணி, தலைக்கவசம் மூன்றையும் நிசெக்கோவிலேயே வாடகைக்கு எடுப்பதுதான் வசதி. ஜப்பானில் காலணி அளவு சென்டிமீட்டரில் என்பதால் வீட்டிலேயே சுவரோரம் நின்று பாதத்தை அளந்து எழுதிக்கொண்டு போனோம். காலணியில் நேராக நிற்கும்போது கால்விரல் முன்பக்கத்தை இலேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும், குதிகால் மேலே எழக்கூடாது. காலுறை ஒரே சோடி. குளிருமே என்று இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கால் நோகும். உள்சட்டை பருத்தியாக இருக்கவே கூடாது. வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக் குளிரேற்றும்.

கடையில் வாடகைக்குக் கிடைத்த பனிக்கண்ணாடிகள் எல்லாம் கறுப்பு வில்லை. வெயிலுக்கு அவை நல்லவை. ஆனால் சனவரியில் நிசெக்கோவின் வானம் பெரும்பாலும் மூடித்தான் இருக்கிறது. பனி பெய்யும்போது எதிரே மேடா பள்ளமா என்றே தெரியவில்லை. வெளிர் வில்லை ஒன்றும் கேட்டு வாங்குங்கள். வெயில் வந்த ஒரே நாளில் மகளுக்குத் தாடைக்குக் கீழே தோல் கன்றிப்போனது. புதுப்பனி தன்மேல் விழும் புறஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். அங்கே வெயில் கீழிருந்தும் அடிக்கிறது என்பது எனக்கு அவள் கழுத்தைப் பார்த்தபின்தான் உறைத்தது.

உடைகளைப் போலவே உதவியது பத்துமலைப் படிகள். ஆறு வாரம், ஒவ்வொரு ஞாயிறும் கூட்டம் சேர்வதற்கு முன் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு, 272 படிகளையும் மெல்ல, முழங்காலை மடக்கி, ஒவ்வொன்றாக இறங்கினோம். மேலே ஏறுவதைவிட இப்படி இறங்குவதில்தான் தொடை நடுங்கும். குதிகால் விளிம்பில் பலகையைக் குறுக்கே வைத்து மெல்லச் சறுக்கி இறங்குவதுதான் முதல் நாள் பாடம். அதற்கு வேண்டியது அதே தொடை வலு. எந்தக் கால் முன்னே என்பதைக் கூட வீட்டு ஓட்டுத் தரையில் காலுறையோடு ஓடி வழுக்கிப் பார்த்தே தெரிந்துகொண்டோம். எனக்கும் தம்பிக்கும் இடது கால், மகளுக்கு வலது கால்.

உடைகளைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று கையுறையைப் பற்றிச் சொன்னேன். அண்ணன் மறுத்துப் பேசவில்லை. கையுறைக்குள் குவளைத் தண்ணீரை ஊற்றித் தூக்கிப் பிடித்தார். கட்டைவிரல் இடுக்கில் நீர் முத்து முத்தாக அரும்பியது. "இதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும் அம்மா, தம்பி கை இப்போது எப்படி இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்டார். முன்பணத்தோடு மூன்று சோடிக் கையுறை வாடகையையும் திருப்பித் தந்தார். பிறகு கொடியில் தொங்கிய மற்றக் கையுறைகளை எல்லாம் இறக்கி, வாளியில் தண்ணீர் பிடித்துவரக் கடைப்பையனை அனுப்பினார். அடுத்த சனவரிக்கு மூன்று கால்சட்டை, மூன்று ஜாக்கெட் என்று அவருடைய குறிப்பேட்டில் எங்கள் பெயரை எழுதச் சொல்லிவிட்டு வந்தேன்.