மாடிக்கு ஹீட் ப்ரூஃப் போடுறவங்க அந்த டெம்பரேச்சர் கன் டெமோவ நம்பி அட்வான்ஸ் குடுத்துடாதீங்க

திருச்சி பக்கம் கத்திரி வெயிலுக்கு முன்னாடி மாடிக்கு ஏதாச்சும் பண்ணிடணும்னு இருக்கறவங்க இத படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. கம்பெனி பேர் போடல, இதே டெமோவ காட்டி ஆர்டர் புடிக்கறவங்க வேறயும் இருக்காங்க.

காலைல பதினோரு மணிக்கு வந்து பளபளன்னு ஒரு அலுமினிய பபுள் ஷீட்ட தளத்துல விரிச்சாங்க, டெம்பரேச்சர் கன்ன வெறுந்தளத்துல காட்டுனா 54, ஷீட் மேல காட்டுனா 31, அப்பா அங்கயே அட்வான்ஸ எடுத்து நீட்டிட்டாரு. ஷீட்ட காங்கிரீட்டோட ஒட்டி, மேலயே சிமெண்ட் கலவை கொட்டி டைல்ஸ் பதிச்சுட்டு போயிட்டாங்க. மே மாசம் ராத்திரி பத்து மணிக்கும் சீலிங்ல கை வெச்சா சுடுது, ஃபேன் போட்டா அனல்தான் எறங்குது.

ஏசி வேலை பாக்கற சித்தப்பா பையன்கிட்ட சொன்னேன். எவர்சில்வர் சொம்புல கொதிக்கிற தண்ணிய ஊத்தி சொம்போட வெளிப்பக்கம் ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுனான். கன்ன டேப்புல காட்டுனா 82, ஒரு வெரல் தள்ளி சொம்புல காட்டுனா 41! அந்த கன் தொட்டுப் பாத்து அளக்கறதில்ல, பொருளோட மேற்பரப்புல இருந்து வர்ற இன்ஃப்ராரெட் கதிர (கண்ணுக்கு தெரியாத வெப்பக் கதிர்) வெச்சு கணக்கு போடுது. சிமெண்ட், பெயிண்ட்டுக்கெல்லாம் ஓரளவு சரியா காட்டும், ஆனா பளபள அலுமினியம் அந்த கதிர ரொம்ப கம்மியாதான் விடும், அதுல தெரியறது பாதிக்கு மேல வானத்தோட பிரதிபலிப்பு.

இன்னொன்னு, இந்த அலுமினிய ஃபாயில் வேலை செய்யணும்னா பளபள பக்கத்துல காத்து இடைவெளி இருக்கணும். கலவைக்குள்ள பொதைச்சா சூடு நேரா கடந்து போயிடும், மிஞ்சறது அந்த சில மில்லிமீட்டர் பபுள் மட்டும்தான். அவங்க குடுத்த லேப் ரிப்போர்ட் ஜெராக்ஸ்லயே காத்து இடைவெளியோட டெஸ்ட் பண்ணதுன்னு பொடி எழுத்துல இருக்கு, எவன் படிச்சான்.

காங்கிரீட்ல சூடு கீழ எறங்க மணிக்கணக்காகும், அதனால காலைல காட்டற எந்த டெமோவும் வேஸ்ட். ஏற்கனவே போட்ட வீட்ட காட்டச் சொல்லுங்க, சீலிங்ல ஒட்டற வயர் சென்சார் வெச்சு, போடாத ரூமயும் சேத்து மதியத்துல இருந்து ராத்திரி வரைக்கும் பாருங்க. முழு கூரையோட யூ வேல்யூ (சூட்ட எவ்ளோ கடத்துதுங்கற அளவு, கம்மியா இருந்தா நல்லது) எவ்ளோன்னு கேளுங்க. வெறும் காங்கிரீட் தளம் 3க்கு மேல வரும், வீடுகளுக்கான மத்திய அரசோட எரிசக்தி சிக்கன விதித்தொகுப்பு ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018 கேக்கறது 1.2க்குள்ள. அத கொட்டேஷன்ல எழுதி வாங்குங்க, ஏன்னா எங்க பில்லுல இருக்கறது வெறும் "வாட்டர் ப்ரூஃபிங் ஒர்க்", போன் பண்ணா ஒழுகுனா மட்டும் கூப்பிடுங்க சார்ங்கறாங்க.