எண்ணெய்த் தேக்கா, லேக்கர் ரோஸ்வுட்டா?

1960களின் டேனிஷ் சைட்போர்டு (நீளமான தாழ்ந்த அலமாரி) ஒன்று வாங்கத் தேடியதில் கடைசியாக இரண்டு மிஞ்சின: எண்ணெய் பூசிய தேக்கு, லேக்கர் அடித்த பிரேசில் ரோஸ்வுட். தேக்கைத்தான் எடுத்தேன்.

பாரம்பரியத்தில் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கோபன்ஹேகன் தச்சர் சங்கம் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தியது. டேனிஷ் மரச்சாமான் வடிவமைப்பாளர்கள் ஹான்ஸ் வெக்னரும் ஃபின் யூலும் பெயரெடுத்த களம் அது. அழகில் ரோஸ்வுட்தான் முந்தும், அதில் பேச்சே இல்லை. லேக்கருக்கு அடியில் அந்தக் கறுப்பு ரேகைகள் நனைந்த மாதிரியே இருக்கும்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. லேக்கர் மரத்தின் மேல் நிற்கும் படலம். எண்ணெய் மரத்துக்குள் இறங்கிவிடும். ஈரக் கோப்பை வைத்த வெள்ளை வட்டம் தேக்கில் விழுந்தால், 400 எண் உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையிலேயே லேசாகத் தேய்த்து, எண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு மிச்சத்தைத் துடைத்தால் போதும். ஆனால் வெனீர், அதாவது உள்பலகை மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. விளிம்பில் அழுத்தினால் உள்பலகை பல்லிளிக்கும். துடைத்த துணியையும் சுருட்டிப் போடக் கூடாது. ஆளி விதை எண்ணெய் காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

லேக்கரில் கீறல் ஆழமாக விழுந்தால் கதை வேறு. பழைய செல்லுலோஸ் லேக்கர் தின்னரில் கரையும் என்பதால், கைதேர்ந்தவர் புதுப்பூச்சைப் பழையதோடு இழைத்துவிடுவார். ஆசிட் கலந்து இறுக வைக்கும் வகை அப்படிக் கரையாது. ஒட்டுப்போட்டது தெரியும், பெரும்பாலும் மேற்பரப்பு முழுவதையும் உரித்துத்தான் ஆக வேண்டும். எந்த வகை என்று அறிய, விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, கதவின் உள்விளிம்பில் தின்னர் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் செல்லுலோஸாக இருக்கலாம். அன்றாடம் தூசி தட்டுவதோடு சரி என்பவர்களுக்கு லேக்கர்தான் வசதி, அதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்ப விற்பதிலும் ஒரு சிக்கல். அழிவாபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் இருக்கிறது. பழைய மரச்சாமானாக இருந்தாலும் எல்லை தாண்டி விற்கச் சான்றிதழ் வேண்டும். தேக்குக்கு அந்த அலைச்சல் இல்லை.

ஆண்டுக்கணக்கில் எண்ணெயூட்டினால் தேக்கு எவ்வளவு கருக்கும் என்று சொல்லும் அளவுக்கு என்னுடையதற்கு இன்னும் வயதாகவில்லை. கடைகளில் பார்த்த பழையவை கருத்துத்தான் இருந்தன.