சிபிடி-ஐ கோச்: தூக்கமின்மைக்கு இந்த இலவசச் செயலி எவ்வளவு உதவும்?

தூக்கத்துக்கென்று போனில் இறக்கும் செயலிகளில் பல மழைச் சத்தம் போடும். இல்லையென்றால் கையில் கட்டிய வாட்ச்சை நம்பிக் கோடு வரையும். சிபிடி-ஐ கோச் அந்த ரகம் இல்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையும் ஸ்டான்ஃபோர்டு மருத்துவக் கல்லூரியும் பங்கெடுத்து உருவாக்கிய செயலி இது. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் (ஆங்கிலச் சுருக்கம் சிபிடி-ஐ; மாத்திரை இல்லாமல் தூக்கப் பழக்கத்தையும் தூக்கம் பற்றிய எண்ணங்களையும் மாற்றுவது) இருப்பவருக்குத் துணையாகச் செய்தது. வாரத்தில் 3 இரவாவது, 3 மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தால் அது நாள்பட்டது. மாத்திரைக்கு முன்பு அதற்கு இந்தச் சிகிச்சையைத் தரச் சொல்கிறது அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2016 வழிகாட்டுதல்.

தூக்கமின்மை எவ்வளவு தீவிரம் என்று அளக்கச் செயலியில் முதலில் 7 கேள்விகள். மொத்தம் 28 மதிப்பெண்ணுக்கு 15 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்கத் தள்ளிப்போடாதீர்கள்.

இதில் உயிரான பகுதி தூக்க டைரிதான். படுத்தது, தூக்கம் பிடிக்க ஆன நேரம், நடுவில் விழித்திருந்தது, எழுந்தது எல்லாவற்றையும் காலையில் உத்தேசமாகப் போட்டால் போதும். ராத்திரி மணி பார்த்துக் குறிப்பவர்களுக்கு விழிப்புதான் கூடும். படுக்கையில் கழித்த நேரத்தில் எத்தனை சதவீதம் தூங்கினீர்கள் என்பதைச் செயலியே கணக்கிடும். 10 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுபவர் ஐந்தரை மணி நேரமே தூங்கினால் சுமார் 69 சதவீதம்.

சிகிச்சையின் மருந்து இங்கேதான் இருக்கிறது. அவர் இனி 12.30க்குத்தான் படுக்க வேண்டும், எழுவது அதே 6 மணி. படுக்கையில் இருக்கும் நேரத்தைச் சுருக்கினால் தூக்கப் பசி ஏறும், விழித்துப் புரளும் நேரம் குறையும். வாரச் சராசரி 85 சதவீதத்தைத் தாண்டினால் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். 5 மணி நேரத்துக்குக் கீழே ஒருபோதும் இறக்கக் கூடாது. தூக்கம் வராமல் 20 நிமிடம் போனதாகத் தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போய், கண் சொருகும்போது திரும்ப வேண்டும்.

முதல் இரண்டு வாரம் கடினம், பகலில் தள்ளாடும். பலர் விடுவது அப்போதுதான். ஞாயிற்றுக்கிழமை 9 மணிவரை தூங்கினாலும், மதியம் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தாலும் ஏறிய பசி கரைந்துவிடும். பகலில் தள்ளாடும் நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள்.

இந்த இடத்தில்தான் செயலி மட்டும் போதாது. படுக்கும் நேரத்தை மருத்துவர் சொல்லி நாம் அதில் பதிய வேண்டும். வலிப்பு, இருமுனைக் கோளாறு (மனநிலை மிக உயர்ந்தும் தாழ்ந்தும் மாறும் நோய்) உள்ளவர்கள் தாமாக நேரத்தைச் சுருக்கினால் ஆபத்து. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் முதலில் தூக்கப் பரிசோதனை. அல்பிரசோலம் போன்ற பதற்ற, தூக்க மாத்திரையை நீண்ட நாள் எடுப்பவர்கள் சட்டென்று நிறுத்தவே கூடாது. எழுதிக் கொடுத்தவர் படிப்படியாகக் குறைப்பார்.

குறை என்றால் மொழிதான். கேள்விகளும் பாடங்களும் ஆங்கிலத்தில். வயதான அம்மா அப்பாவுக்குப் பிள்ளைகள் உட்கார்ந்து நிரப்ப வேண்டியிருக்கும். சிகிச்சை தர ஆள் கிடைக்காதவர்கள் அதே படைவீரர் நலத்துறையின் இன்சோம்னியா கோச் செயலியைப் பார்க்கலாம். அதில் 5 வாரப் பயிற்சித் திட்டம் இருக்கிறது.

மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ நேரம் வாங்கும்போதே, "தூக்க டைரி பார்த்து வாராவாரம் படுக்கும் நேரத்தை மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். வழக்கமாக 4 முதல் 8 அமர்வுகள் ஆகும். இரண்டு வார டைரியோடு போனால் முதல் அமர்விலேயே நேரத்தைக் குறித்துத் தர முடியும்.