வளர்ந்த பிறகு ஓட்டிசப் பரிசோதனை: போவதா, விடுவதா?

கொழும்பு காலி வீதி பஸ்களின் ஹோர்ன், கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி, அலுவலகத்து வெட்டிப் பேச்சு. இவற்றால் மாலைக்குள் சக்கையாகிப்போகிறவர், ஓட்டிசம் (பிறரோடு பழகுவதும் ஒலி, ஒளியை உணர்வதும் சிறுவயது முதலே வேறுபட்டிருக்கும் நிலை) பற்றிப் படித்துவிட்டு "இது நான்தானே" என்கிறார். அதை மருத்துவரிடம் உறுதிசெய்வதா, தானறிந்ததோடு நிற்பதா?

தானறிந்ததோடு நிற்பதற்குச் செலவில்லை. காதடைப்பான் வாங்கவும், விசேஷ வீட்டில் சாப்பிட்ட கையோடு கிளம்பவும் எவர் கையெழுத்தும் வேண்டியதில்லை. ஓட்டிசத்தின் அடிப்படை இயல்புகளுக்கு மருந்தும் கிடையாது. ஆனால் இந்த வழியில் ஓட்டை ஒன்று உண்டு. ஓட்டிச இயல்புகளைப் பத்துக் கேள்விகளில் அளக்கும் ஏகியூ-10 வினாத்தாளில் 6 புள்ளியோ அதற்கு மேலோ வந்தாலும், முழுப் பரிசோதனைக்குப் போகலாம் என்பதே அதன் பொருள். நாலு பேர் முன்னால் பேசவே அஞ்சவைக்கும் சமூகப் பதற்றமும் ஏறக்குறைய இதே முகத்தோடு வரும். ஷெல் சத்தத்தில் வளர்ந்து வெள்ளவத்தைக்கு வந்தவர் பட்டாசுக்குத் துடிப்பது எதனால் என்று வினாத்தாளுக்குத் தெரியாது.

மருத்துவரிடம் போனால், அரச வைத்தியசாலையில் பணம் மிச்சம், பொறுமை செலவு, தனியாரில் நேர்மாறு. இரண்டிலும் ஓட்டிசம் என்றாலே குழந்தைகளைத்தான் நினைக்கிறார்கள். பெரியவர்களைப் பரிசோதித்த அனுபவம் உண்டா, தமிழில் பேசலாமா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். சிறுவயதை மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்வது பெரும்பாடு.

சிறுவயதுதான் இங்கே முக்கியம். மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, அறிகுறிகள் சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். "கெட்டிக்காரன், ஒருவரோடும் சேரமாட்டான்" என்று ஆசிரியர் எழுதிய பழைய தேர்ச்சி அறிக்கை பெரிய உதவி. இடம்பெயர்வில் அதெல்லாம் போன வீடுகளில் மிஞ்சுவது அம்மாவின் ஞாபகம் மட்டுமே.

என் கணக்கு இது: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கேட்கப்போகிறவரும், மனச்சோர்வுக்கு நெடுநாள் மருந்தெடுத்தும் தேறாதவரும் போகத்தான் வேண்டும். ஆர்வம் மட்டும் உள்ளவர் ஆறுதலாகப் போகலாம். கல்யாணப் பேச்சைக் குழப்பும் என்று அஞ்சுகிறவர்களுக்கு: முடிவை ஊருக்கு அறிவிக்க எந்தக் கட்டாயமும் இல்லை.

எதைத் தள்ளிப்போட்டாலும் அம்மாவிடம் கேட்பதைத் தள்ளாதீர்கள். எப்போது பேசினேன், எதற்கெல்லாம் அழுதேன், யாரோடு விளையாடினேன் என்று கேட்டு எழுதிவையுங்கள்.