அனுராதபுரச் சந்திப் பக்கத்து கராஜ்: பாவித்த கார் வாங்கினவர்கள் ஒயிலை இங்கே பார்க்கக் கொடுங்கள்

திருகோணமலையில் யாராவது பாவித்த கார் வாங்கியிருந்தால், கோணேசர் கோயிலில் பூசை செய்து எலுமிச்சம்பழத்தில் ஏற்றின கையோடு நேரே இந்தக் கராஜுக்கு விடுங்கள். அனுராதபுரச் சந்தி தாண்டி ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது, பெயர்ப்பலகை கிடையாது, தகரக் கூரையும் காருக்கு அடியில் இறங்கி வேலை செய்கிற ஒரு குழியும்தான். வேலை மட்டும் அவ்வளவு சுத்தம்.

என் கார் டொயோட்டா அக்குவா, பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட். விற்றவர் "ஃபுல் சேர்விஸ் செய்துதான் தாறன்" என்று பில்லும் தந்தார். பில்லில் "ஒயில் 4 லீற்றர்" என்று மட்டும் இருந்தது. என்ன கிரேட் (ஒயிலின் தடிப்பைச் சொல்லுகிற நம்பர்), என்ன பிராண்ட், ஃபில்டர் மாற்றினார்களா, ஒன்றும் இல்லை. செய்துகொடுத்த சேர்விஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துக் கேட்டால், பரலில் இருந்து ஊற்றினோம், எல்லாக் காருக்கும் அதுதான் என்கிறார்கள். ஹைபிரிட் காருக்கும் பழைய வானுக்கும் ஒரே ஒயிலா? எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

இந்தக் கராஜ் அண்ணா முதலில் பொனட்டைத் திறந்து ஒயில் மூடியைக் காட்டினார், அதிலேயே 0டபிள்யூ-20 என்று அச்சடித்திருக்கிறது. ஆனால் மூடியை மட்டும் நம்ப மாட்டாராம், பாவித்த காரில் வேறு காரின் மூடி பூட்டியிருக்கலாம் என்று டாஷ்போர்டில் கிடந்த கையேட்டையும் எடுக்கச் சொன்னார். கையேடு முழுக்க யப்பான் மொழி, ஆனாலும் ஒயில் பக்கத்தில் அந்த நம்பர் யாருக்கும் வாசிக்கத் தெரியும். அப்புறம் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து சட்டத்தில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைத் துடைத்துப் பார்த்தார். யப்பானில் ஒயில் மாற்றும்போது திகதியும் கிலோமீற்றரும் எழுதி ஒட்டுவார்கள், மாற்றின அன்றைய எண் (அடுத்த தடவை மாற்ற வேண்டிய எண் அல்ல) இப்போதைய மீற்றரை விடக் கூடுதலாக இருந்தால் மீற்றரைப் பின்னுக்குச் சுற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். என்னுடையதில் கணக்குச் சரியாக வந்தது. கார் வாங்குகிற அன்றைக்கே பார்க்க வேண்டிய இடம் இது, எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்துத் திரும்ப விட்டு எடுத்தார். அளவு மேல்கோட்டையும் தாண்டி நின்றது. இந்த எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து 3.7 லீற்றர்தான், 4 லீற்றர் கேனை அப்படியே கவிழ்த்தால் கூடத்தான் செய்யும். உள்ளே என்ன கிரேட் இருக்கிறது என்று கேட்டேன். "தம்பி, பார்த்து நம்பர் சொல்ல ஏலாது. சொல்லுறவன் பொய் சொல்லுறான். கழட்டிப்போட்டுப் புதுசா ஊத்துவம்" என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே நான் இதை எழுதுகிறேன். விரலில் தேய்த்துப் பார்த்து "நல்ல ஒயில்தான்" என்று அனுப்புகிறவர்கள்தான் அதிகம். கறுத்திருந்தால் கெட்டது என்றும் இல்லை, ஓடின ஒயில் கறுக்கத்தான் செய்யும். மூடிக்கு அடியில் பால்த் தேத்தண்ணி நிறத்தில் படிந்திருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

நம்மூர் வெயிலுக்குத் தடிப்பான ஒயில்தான் நல்லது, 20டபிள்யூ-50 ஊற்று என்று எனக்கும் பலர் சொன்னார்கள். அதையும் கேட்டேன். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் சூடான எஞ்சினின் வெப்பத்தைத் தேர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் பிடித்து வைக்கும் என்றார். ஹைபிரிட் எஞ்சின் சிக்னலிலும் ட்ராஃபிக்கிலும் நின்று நின்று ஸ்டார்ட் ஆகிறது, ஒவ்வொரு தடவையும் ஒயில் உடனே மேலே ஏற வேண்டும். தடிப்பான ஒயில் மெதுவாக ஏறும், பெற்றோலும் கூடக் குடிக்கும். 15டபிள்யூ-40 மாதிரித் தடிப்பான ஒயில் பழைய டீசல் லொறிக்குச் சரியாக இருக்கலாம், அக்குவாவுக்கு இல்லை.

பிராண்டில் அவருக்குப் பிடிவாதம் கிடையாது. சீனக்குடாவில் லங்கா ஐ.ஓ.சி. கலக்கிற சேர்வோ என்றாலும் சரி, ஹாவோலின் என்றாலும் சரி, நம்பர் பொருந்தி, கேனில் ஏ.பி.ஐ. எஸ்.என் அல்லது எஸ்.பி என்ற தரக்குறி போட்டிருந்தால் போதும் என்கிறார். சீல் உடைக்காத கேனை என் கையில் தந்து என்னையே திறக்க வைத்தார். பழைய ஒயில் முழுக்க வடியும் வரை காத்திருந்து, ஃபில்டரும் ஒயில் வடிக்கிற ஆணியின் வாஷரும் புதிதாகப் போட்டு, அளந்து ஊற்றி, மிஞ்சின கொஞ்சத்தைக் கேனோடு திருப்பித் தந்தார். முழுதாகக் காலியாகிற கேன்களை ஆணியால் குத்தித்தான் எறிகிறார், வெறுங்கேனில் போலி ஒயில் அடைத்து விற்கிறார்களாம். கடைசியில் திகதி, மீற்றர், கிரேட் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிப் பொனட்டுக்குள் கட்டிவிட்டார்.

குறை என்றால், குழி ஒன்றுதான், முன்னால் ஒரு வான் நின்றால் அரை நாள் போய்விடும். உட்கார ஒரு வாங்கு மட்டும். கார்ட் எடுக்க மாட்டார், காசுதான். 0டபிள்யூ-16 கேட்கிற புதிய கார்களுக்கு அவரிடம் ஒயில் இருப்பில்லை, நீங்களே வாங்கிக்கொண்டு போனால் கூலிக்கு மாற்றித் தருவார். கிண்ணியா, மூதூரில் இருந்து வருகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள், மத்தியானத்துக்குப் பிறகு பெரிய வேலைகளுக்குக் குழியைக் கொடுத்துவிடுகிறார்.