பின் சீட்டில் வாடில் டீ

மே லீவுக்குப் பெருந்துறையில் இருந்து அக்கா மகள் வந்திருந்தாள். ஏழு வயசு. அந்த வெயிலில் வெளியே விட முடியாது, போனைக் கையில் கொடுத்தால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டாள், சரி என்று அலமாரியில் கிடந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் பெட்டியைத் தூசி தட்டி எடுத்து, இரண்டு பேர் சேர்ந்து ஆடச் சுலபமாக என்ன இருக்கிறது என்று தேடி 'கர்பி அண்ட் த ஃபர்காட்டன் லேண்ட்' வாங்கினேன். ஹால் லேபரட்டரி என்ற கம்பெனி செய்தது, 2022 மார்ச்சில் வந்தது. எங்கள் வீட்டுக்கு இப்போதுதான் புதுசு.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ரோஸ் கலர் பந்து மாதிரி இருக்கும் கர்பி, ஆளில்லாமல் செடிகொடி மண்டிக் கிடக்கும் ஒரு ஊரில் வந்து விழுகிறது. அங்கே கூண்டில் அடைபட்ட வாடில் டீ என்ற குட்டி உருவங்களை மீட்க வேண்டும். எதிரியை உறிஞ்சி விழுங்கினால் வாள், நெருப்பு, குண்டு என்று அதன் வித்தை கர்பிக்கு வந்துவிடும், இது பழைய கர்பியிலும் உண்டு. இதில் புதுசு, விழுங்க முடியாததையும் வாயில் கவ்வுவது. துருப்பிடித்த காரைக் கவ்வினால் காருக்கு ரோஸ் கலர் உறை போட்ட மாதிரி ஆகி, அப்படியே சுவரை இடித்துக்கொண்டு ஓடும். கூல்டிரிங்ஸ் மெஷினைக் கவ்வினால் டின் டின்னாகத் துப்பும். பாப்பா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அடுப்படியில் சந்தகை பிழிந்துகொண்டிருந்த அம்மாவே எட்டிப் பார்த்தார்.

சுலபமா என்றால், ரொம்பச் சுலபம். ஸ்பிரிங் பிரீஸ், வைல்டு என இரண்டு வகை. முதலாவதில் உயிர் கூடுதல், இரண்டாவதில் அடியும் காசும் கூடுதல். பள்ளத்தில் விழுந்தாலும் கொஞ்சம் உயிர்தான் போகும். பழகிய கைக்கு முதல் இரண்டு உலகம் தூக்கம் வரும்.

என் மனத்தாங்கல் இரண்டாவது ஆள் விஷயத்தில். அவர் கையில் ஈட்டியோடு வரும் வாடில் டீதான், வேறு தேர்வு கிடையாது. கேமரா கர்பி பின்னாலேயே போகும், வாடில் டீ கொஞ்சம் பின்தங்கினால் தூக்கிக் கர்பி பக்கத்தில் போட்டுவிடும். விழுங்கவும் முடியாது, கவ்வவும் முடியாது. கர்பி காராக மாறினால் வாடில் டீ மேலே உட்கார்ந்து வரும், மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து சந்தைக்குப் போகிற மாதிரி. பாப்பா அரை மணி நேரம் பொறுத்தாள். "மாமா, எல்லாம் நீங்களே திங்கறீங்க, நான் சும்மா கூட வரோணுமா?"

நியாயம்தானே. ஆனால் மாற்றிக்கொண்டால் வேறு தலைவலி. வாடில் டீ செத்தால் சில நொடியில் எழுந்து வந்துவிடும், கர்பி செத்தால் இரண்டு பேருக்கும் ஆட்டம் முடிந்தது. அதாவது விளையாடத் தெரியாத பிள்ளைக்குப் பத்திரமான இடம் பின் சீட்டு, அந்தப் பிள்ளைக்குப் பிடித்ததெல்லாம் இருப்பது முன் சீட்டில். இதை யோசிக்காமலா செய்திருப்பார்கள்? பாப்பாவைக் கர்பியாக்கினேன். முதல் பெரிய எதிரி கோரிமாண்டோ என்ற கொரில்லா, அதனிடம் நாலு தடவை செத்தோம். ஐந்தாவது தடவை நான் ஈட்டியோடு முன்னே ஓடி அடி வாங்க, அவள் பின்னால் இருந்து குண்டு போட்டாள். ஜெயித்தோம். இந்த விளையாட்டில் இருவர் ஆட்டம் என்று சொல்லத்தக்கது அந்த ஐந்து நிமிஷம்.

ஆன்லைனில் சேர்ந்து ஆட வழியில்லை, ஒரே அறையில் இருக்க வேண்டும். நேரக் கணக்கு வைத்து ஆடும் ட்ரெஷர் ரோடு தனி ஆளுக்குத்தான். வாங்குவதாக இருந்தால் டவுன்லோடாக இல்லாமல் கேட்ரிட்ஜாக வாங்குங்கள், முடித்ததும் கைமாற்றிவிடலாம்.

ஊருக்குப் போன பிறகு பாப்பா தினமும் போன் பண்ணுகிறாள், "மாமா, நானில்லாம விளையாடிறாதீங்கோ" என்று. ட்ரெஷர் ரோடு மட்டும் ராத்திரியில் ஆடி, வித்தைகளை மெருகேற்றத் தேவைப்படும் ரேர் ஸ்டோன்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். கேட்டால் வாடில் டீ கொடுத்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.