உதகைக் குளிரில் அம்பாசடரும் எஸ்.யூ. கார்புரேட்டரும்

என்னிடம் இருப்பது மார்க் 4 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். டிசம்பர், ஜனவரியில் புல்வெளியெல்லாம் உறைபனி படியும் உதகையில் காலையில் இது கிளம்ப மறுத்தபோது, பார்த்தவர்கள் அத்தனை பேரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் எஸ்.யூ. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு வேறு வண்டியுடையதைப் பொருத்துங்கள். நான் பழையதையே ஓவர்ஹால் செய்தேன். சில குளிர்காலங்கள் ஓட்டிவிட்ட பிறகு உறுதியாகச் சொல்கிறேன், அந்த வடிவமைப்பில் எந்தக் குறையும் இல்லை.

குறை தேய்மானத்தில் இருந்தது. இன்ஜின் ஓடும்போது காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகட்டின் அச்சான த்ராட்டில் ஸ்பிண்டிலின் ஓரத்தில் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்தால் ஓட்டம் உடனே மாறியது. அந்த இடுக்கு வழியே காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. லேத் பட்டறையில் அந்த அச்சு சுழலும் துளைக்குப் புது புஷ் (உள்வளையம்) போட்டதுதான் மொத்த வேலையிலும் அதிகப் பலன் தந்தது. ரிப்பேர் கிட்டை மட்டும் மாற்றினால் இது தீராது.

பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை, அதற்குள் இறங்கும் ஊசிக்கு நேராக நடுவில் அமர்த்தப் பொறுமை வேண்டும். அந்த ஊசியைத் தாங்கும் கார்புரேட்டர் பிஸ்டனை உயர்த்தி விட்டால் தடையின்றி இறங்கி, 'டக்' என்ற உலோக ஓசையோடு உட்கார வேண்டும். ஓசை மங்கினால் ஊசி ஜெட்டில் உரசுகிறது. பிஸ்டனை எமரித் தாளால் தேய்க்க யாரையும் விடாதீர்கள். அந்தப் பிஸ்டனும் மேலே உள்ள மூடியும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் சேர்க்கப்பட்ட ஜோடி. பெட்ரோலில் நனைத்த துணியே போதும்.

இனி குளிர் ஸ்டார்ட். சாவியைத் திருப்பும் முன் ஆக்சிலரேட்டரை நாலைந்து முறை மிதிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. இந்த கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டர் பம்ப்பே கிடையாது. மிதித்து ஒரு பயனும் இல்லை. சோக்கை இழுத்தால் ஜெட் கீழே இறங்கும். ஊசி நுனி நோக்கிச் சிறுத்துக்கொண்டே போவதால் இடைவெளி அகன்று பெட்ரோல் கூடுதலாக வரும். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் மேனிஃபோல்டின் உட்சுவரில் படிந்துவிடும். அதை ஈடுகட்டத்தான் இந்தக் கூடுதல். எனவே முழு சோக், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டர். பிடித்துக்கொண்டதும் சோக்கைப் படிப்படியாக உள்ளே தள்ளுகிறேன். சோக்கிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் அதிகப்படி பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும்.

கார்புரேட்டர் பிஸ்டனின் ஏற்றத்தை மட்டுப்படுத்தும் டேம்பரில் ஆயில் குறைந்தால் வண்டி திடீர் வேகமெடுக்கும்போது திணறும். பிஸ்டன் சட்டென்று மேலே ஏறாமல் தடுத்து, அந்த நேரத்துக்கு மிக்சரில் பெட்ரோலைக் கூட்டித் தருவது அந்த ஆயில்தான். உதகை 2,240 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால், சமவெளியில் செய்த டியூனிங் இங்கே பெட்ரோலை அதிகமாக்கிவிடுகிறது. ஜெட்டின் நட்டை இங்கேயே, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு சரிசெய்யுங்கள். பெட்ரோலில் இப்போது ரப்பரைக் கெடுக்கக்கூடிய எத்தனால் கலப்பதால், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறைக் குழாயின் ரப்பர் வளையத்தையும் அவ்வப்போது பார்க்கிறேன்.

கிட் வாங்கும்போது ஊசியின் தண்டில் பொறித்த எழுத்துகளைப் படியுங்கள். உங்கள் இன்ஜினுக்கு உரிய எழுத்துகள் இல்லையென்றால், கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள்.